கதவின் பூப்பக்கம்

தேன்மொழியின் புது வீட்டுக்கு நான்கு மாதமாகக் கதவு இல்லை. சுவர் எழும்பி, கூரை போட்டு, பூச்சு வேலையும் முடிந்த பிறகு வாசல் மட்டும் பல் விழுந்த வாய்போலத் திறந்து கிடந்தது. ஜீப் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் புருஷன் ரமணா ஒரு தகரத்தைத் தூக்கி அதில் சாய்த்து, கம்பியால் கட்டிவிட்டு வாடகை அறைக்குப் போவான். இரண்டு முறை மலைக்காற்று அந்தத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுப் பத்மினியின் கிரானைட் படியில் போட்டது.

“இன்னா தேன்மொழி, ரெடிமேட் கதவு ஒண்ணு வாங்கி மாட்டினா முடிஞ்சுது. தெருவே அதான் போட்டுக்கினு கீது. நீ இன்னாவோ கோயிலுக்குக் கதவு தேடற மாதிரி தேடிக்கினு கீறியே?” என்றாள் பத்மினி.

தேன்மொழி சிரித்துவிட்டுத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்லிவிட்டால் மனசுக்குள் எதுவும் தங்காது என்பது அவள் கட்சி.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முந்தைய வருஷம் வரை முள் மண்டிக் கிடந்த இடத்தில் வெள்ளைக் கல் நட்டு, தெருவுக்கு நம்பர் கொடுத்திருந்தார்கள். பேங்கில் கடன் போட்டு எல்லாரும் வீடு கட்டினார்கள். எல்லா வீடும் ஒரே அச்சில் இருந்தது. முகம் தெரிகிற டைல்ஸ், கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் பிளாஸ்டிக் பூ, உட்கார்ந்தால் சத்தம் போடுகிற சோபா. பத்மினியின் வீட்டுக்குப் போனால் தேன்மொழிக்கே காலை எங்கே வைப்பது என்று தெரியாது. வழுக்குமோ, கறை படுமோ என்று விரல் நுனியில் நடப்பாள். ‘எனக்கே இப்படி என்றால் நைனா எங்கே உள்ளே வருவார்?’ என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

வீட்டைப் பற்றி அவளுக்கு ஆசைகள் நிறைய. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது ஒன்றுதான். நைனா உள்ளே வந்து, கூடத்தில், நாற்காலியில் உட்கார வேண்டும்.

அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா ரங்கையா வரதய்யபாளையத்துப் பக்கத்து ஊர்க்காரர். பாதி வயசு வரை பெரிய வீட்டில் கூலி. பிறகு சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கரில் வேர்க்கடலை. வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு மூட்டை கடலையோடு மகளைப் பார்க்கத் திருப்பதி வருவார். மூட்டையை வாசலில் இறக்குவார். குழாயடியில் குந்துவார். டீயை அங்கேயே குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

“உள்ள வா நைனா.”

“கால்ல மண்ணும்மா.”

“கழுவிக்கினு வா.”

“தடா பஸ்ஸு போயிடும்.”

யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவர்கள் எல்லாம் எப்போதோ தடுத்து முடித்துவிட்டார்கள். இப்போது அந்த வேலையை அவருடைய கால்களே பார்த்துக்கொண்டன. தேன்மொழி எட்டு வயசிலேயே ஊரை விட்டு ஹாஸ்டலுக்குப் போனவள். அந்தக் கால்களை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். புதுப் பொருள் மிரட்டும். பத்துப் பேர் கை பட்டுத் தேய்ந்த பொருளுக்கு யாரையும் மிரட்டத் தெரியாது. வீடு முழுக்கப் பழையதாலேயே நிறைத்துவிட்டால் நைனா பயமில்லாமல் உட்காருவார். கையில் இருந்த பணத்துக்கும் அதுதான் தோது.

பழையதைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அவள் வேலை செய்த ஓட்டலில். பக்தர்கள் தங்குகிற பெரிய ஓட்டல் அது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்கிற பதினாறு பெண்களுக்கு அவள் சூப்பர்வைசர். ஐதராபாத்திலிருந்து ஒரு ஆள் வந்து லாபியில் இருந்த சோபாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, நட்ட நடுவில் ஒரு ஆட்டுக்கல்லை வைத்து, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கும் போட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அதைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அம்மா சென்னம்மா பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பாள். தேன்மொழி சிரிக்கவில்லை. தினமும் துடைக்கும்போது நின்று யோசித்தாள். கல் அதே கல்தான். சுற்றிலும் வேறு எதுவும் இல்லாததால்தான் கண் அதன் மேல் நிற்கிறது. ஒரு பொருளுக்கு அழகு கொடுப்பது அதைச் சுற்றி விடுகிற சும்மா இடம். சும்மா இடத்துக்குக் காசு வேண்டாமே!

தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிவப்பு ஆக்சைடு போதும் என்றாள்.

“காசு இல்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன்,” என்றான் ரமணா. “அழகுக்குன்னு சொல்லாத.”

“ரெண்டும்தான்.”

தரை காய்ந்ததும் லீவு நாளில் முழங்கால் போட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தாள். ஏழு லீவு நாள். மாதுளம்பழத் தோல்போல அது மெல்ல மெல்லச் சிவந்து வந்தது. ஓட்டலில் கழித்துவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகளை மேனேஜர் நாகேந்திரனிடம் கேட்டு வாங்கி, நீலச் சாயத்தில் முக்கி, அம்மாவின் கிழிந்த புடவைகளின் கரையை வெட்டி ஓரத்தில் தைத்துத் திரைச்சீலை ஆக்கினாள். ஜன்னலுக்கு மேலே பழைய வீடுகளில் கழற்றிய கலர்க் கண்ணாடிச் சதுரங்கள். ஐந்து நீலம், மூன்று மஞ்சள், ஒரே ஒரு சிவப்பு. ஜோடி சேராது என்றுதான் கடைக்காரன் குறைத்துக் கொடுத்தான். நைனாவுக்கென்று கைப்பிடி அகலமான ஒரு சாய்வு நாற்காலி. அதன் பிரம்புப் பின்னல் செத்துப் போயிருந்தது. கூடை பின்னுகிற பச்சை ஒயரை வாங்கி அவளே பின்னி முடித்தாள்.

ஒருநாள் பத்மினி எட்டிப் பார்த்துவிட்டு, “வூடு கட்டறியா, காயலான் கடை வைக்கறியா?” என்று கேட்டாள்.

“ரெண்டும்தான்,” என்றாள் தேன்மொழி. அந்தப் பதில் அவளுக்குப் பழகிவிட்டது.

கதவு கிடைத்தது சித்தூரில். நாகபூஷணம் என்பவர் இடிக்கிற வீடுகளின் மரத்தை வாங்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ரமணாவின் ஜீப்பிலேயே போனார்கள். கொட்டகைக்குள் தூணும் உத்தரமும் விறகுபோல அடுக்கியிருந்தன. பின்சுவரில், தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில், வாசக்காலோடு சேர்த்து ஒரு இரட்டைக் கதவு சாய்ந்திருந்தது. பச்சை பெயிண்ட், அதன் மேல் பிரவுன் பெயிண்ட், அதன் மேல் கோழி எச்சம். எல்லாவற்றுக்கும் அடியில் வரிசை வரிசையாகத் தாமரைப்பூ. மேலே இரண்டு கிளிகள்.

தேன்மொழி கிட்டே போய்ப் பூக்களை விரலால் தடவினாள்.

“ஏமம்மா, பிடிச்சிருக்கா?” என்றார் நாகபூஷணம். “தேக்கு. ஆனா இப்ப யாரு வாங்கறாங்க? வாரிசெல்லாம் ஒருத்தன் அமெரிக்கா, ஒருத்தி பெங்களூரு. வீட்டை இடிச்சு மனை போடறாங்க. கதவ என்கிட்ட தள்றாங்க. ஆறு மாசமா கோழிதான் இது மேல தூங்குது.”

“எந்த ஊரு வூடு?”

“சத்யவேடு பக்கம் ஏதோ ஒண்ணு. லாரிக்காரன் கொண்டாந்தான். அடியில ஒரு பக்கம் செல்லு அரிச்சிருக்கு, பாத்துக்கோ. பின்னால சொல்லக்கூடாது.”

செல்லரித்ததால்தான் விலை அவர்களுக்கு எட்டியது. ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு வரும்போது, “எதிர்ல வர்றவன் எல்லாம் நம்ம வண்டிக்கு வழி விடறான் பாத்தியா,” என்றான் ரமணா. “கோயில் சாமான்னு நெனச்சுக்கினான்.”

மூன்று வாரம் கண்ணாடித் துண்டாலும் உப்புத்தாளாலும் சுரண்டினாள். பூக்களின் இடுக்கில் தென்னங்குச்சியை விட்டுப் பெயிண்டை நோண்டினாள். மரம் கடைசியில் தேன் நிறத்தில் கண் திறந்தது. கதவை மாட்டியதும் பூக்கள் தெருவைப் பார்த்து நிற்கும். நாகேந்திரன் வருவார், ஓட்டல் பெண்கள் வருவார்கள், பத்மினி எதிர்ப்படியில் நிற்பாள். சாலையிலிருந்தே கதவு அவர்கள் கண்ணைப் பிடித்து இழுக்கும். அதை அவள் மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

பால் காய்ச்ச ஆவணியில் நாள் குறித்ததும் ஊரில் இருந்த போன் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

“நைனாவ பத்து நாள் முன்னாடியே அனுப்பு. இந்த தடவ உள்ள தங்கணும்.”

“விருந்துன்னு கூப்ட்டா உங்க நைனா பொணம் மாதிரி விறைச்சிக்கும்,” என்றாள் சென்னம்மா. “வேலைன்னு சொல்லு. ஓடியாரும். அந்த ஆளு வாழ்க்கையில எந்த வூட்டுக்குள்ள போனாலும் மூட்ட தூக்கிக்கினுதான் போயிருக்குது.”

“கொத்தனாரும் ஆசாரியும் வராங்க, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம், பாத்துக்க ஆள் இல்லன்னு சொல்லு.”

மறுநாளே ரங்கையா வந்துவிட்டார். துண்டை உதறிப் போட்டு மணல் குவியலுக்குப் பக்கத்தில் படுக்கை. கூடத்தின் சிவப்புத் தரையை வாசலில் நின்று பார்த்தார். கலர்க் கண்ணாடியைப் பார்த்தார். “நல்லா கீது,” என்றார். கால் உள்ளே வரவில்லை.

பிறகு சுவரோரம் சாக்கு மூடி வைத்திருந்த கதவை அவள் காட்டினாள். சாக்கை விலக்கியதும் ரங்கையா ஒரு அடி பின்னால் போனார். அப்படியே நின்றார். பத்மினி வீட்டுக் குக்கர் நான்கு விசில் அடித்தது. தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போனது. அவர் இன்னும் நின்றார்.

“பிடிக்கலையா நைனா?”

“எங்க வாங்கன?”

“சித்தூர்ல.”

“ஓ,” என்றார். சாக்கை எடுத்து, குழந்தைக்குப் போர்த்துவதுபோல, மறுபடி மூடினார். அவ்வளவுதான். அவருடைய மௌனம் அவளுக்குப் புதிதில்லை. அவளுக்கும் அது அவரிடமிருந்து வந்ததுதான்.

நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பியவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

வாசக்கால் வைத்துச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. கதவும் மாட்டியாகிவிட்டது. ஆனால் தெருவைப் பார்த்து நின்றது வெறும் பலகை. குறுக்குச் சட்டம், மடக்கி அடித்த ஆணி முனைகள், எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே இருக்க வேண்டிய இரும்புத் தாழ்ப்பாள் தெருப்பக்கம் தொங்கியது. பூக்கள் ஒன்றுகூட இல்லை. பத்மினி தன் படியில் உட்கார்ந்து இந்தக் காட்சியைத் தேங்காய்ச் சில்லு கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேன்மொழி, தாழ்ப்பா வெளிய கீதே? திருடன் வந்து உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவானா?”

ஆசாரி தாமோதரன் உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தேன்மொழி அவன் மேல் பாய்ந்தாள்.

“கண்ணு தெரியலையா உனக்கு? பூ உள்ள போச்சே! மூணு வாரம் நான் சுரண்டினது எதுக்கு?”

“அம்மா, என்னத் திட்டாத. பெத்தாயன, பெரியவர்தான் சொன்னாரு. எல்லாரும் பூவ தெருப்பக்கம்தான் வைப்பாங்கன்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். கொத்தனாரும் சொன்னாரு. கேக்கல. பூ வூட்டுக்குள்ளதான் வரணும், எனக்குத் தெரியாதான்னு சண்டைக்கு வராரு. சரே, உங்க நைனாவாச்சேன்னு விட்டுட்டோம்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “இன்னொண்ணு. வாசக்கால் திரும்பினதால கதவும் தெருப்பக்கம்தான் தொறக்கும். மாத்தணும்னா சொல்லு. சிமெண்ட் இன்னும் பச்சை. நாளைக்கு இடிச்சு ரெண்டு நாள்ல திருப்பி வச்சுடலாம்.”

ரங்கையா மணல் குவியலின் மேல் குந்தியிருந்தார். தேன்மொழி அவர் முன்னால் போய் நின்றாள்.

“இன்னா நைனா இது? எந்த ஊர்ல பூவ உள்பக்கம் வைக்கறாங்க?”

அவர் உண்மையாகவே திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். “அப்படித்தானேம்மா? நாம கீற பக்கம்தானே பூ கீது எப்பவும்?”

“எப்பவும்னா?”

அவர் ஒரு கைப்பிடி மணலை அள்ளி விரல் இடுக்கில் விட்டுக்கொண்டிருந்தார். தாமோதரன் பையை எடுத்தவன் மறுபடி கீழே வைத்தான்.

“கீழ் வரிசையில, வலது ஓரம், கடைசிப் பூ,” என்றார் ரங்கையா. “போய் இதழ் எண்ணு.”

“நைனா—”

“எண்ணும்மா. எல்லாப் பூவுக்கும் பதினாறு. அதுக்கு மட்டும் பதினேழு. செதுக்கினவன் தப்புப் பண்ணிட்டான்.”

தேன்மொழி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, கீழ் வரிசைக் கடைசிப் பூவில் விரலை வைத்து எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். மூன்று வாரம் தென்னங்குச்சியால் நோண்டியும் அவள் கண்ணில் படாத இதழ். பக்கத்துப் பூவையும் எண்ணினாள். பதினாறு.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். “பெரிய வூட்டுக் கதவா?”

“இருபத்திரெண்டு வருஷம் நின்னுக்கீறேன் அது முன்னாடி. காலைல வேலைக்கு, சாயங்காலம் கூலிக்கு. தட்டினா உள்ளாந்து ‘யார்ரா அது’ன்னு கொரல் வரும். ‘நான்தானுங்க, ரங்கன்’னு சொல்லணும். அப்புறம் நிக்கணும். எவ்ளோ நேரம்னு அவங்களுக்குத்தான் தெரியும். நிக்கறவன் இன்னா பண்ணுவான்? பூ எண்ணுவான். இடது கிளிக்கு மூக்கு இல்ல, பாத்தியா? நான் போறதுக்கு முன்னாடியே இல்ல.”

பழைய பொருளுக்கு மிரட்டத் தெரியாது என்று தேன்மொழி போட்ட கணக்கு மொத்தமும் அந்த நிமிஷத்தில் கவிழ்ந்தது. உலகத்தில் இருக்கிற கதவுகளில் எல்லாம் தேடி, நைனாவை மிரட்டத் தெரிந்த ஒரே கதவைத் தலையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

“எனக்குத் தெரியாது நைனா. இது வேணாம். நாளைக்கே பேத்துத் திருப்பிக் குடுத்துடறேன். ரெடிமேட் கதவு போட்டுக்கலாம்.”

“எதுக்கு?” என்றார் ரங்கையா.

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். நடந்துபோய்க் கதவின் தெருப்பக்கத்துக்கு முன்னால் நின்றார். வெறும் பலகையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். ஒரு ஆணி முனையை, குறுக்குச் சட்டத்தை, எண்ணெய்ப் பிசுக்கை.

“அங்க நின்னப்போ இந்தப் பக்கத்த நான் பாத்ததே இல்ல,” என்றார். “உள்பக்கம் எப்படி இருக்கும்னு எவ்ளோ யோசிச்சிருக்கேன் தெரியுமா? வெளியவே இவ்ளோ பூ வச்சவன் உள்ள இன்னாவெல்லாம் வச்சிருப்பான்னு. தங்கம் கூட இருக்கும்னு நெனப்பேன்.” அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தேன்மொழி பதறி அருகில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர. “இவ்ளோதானா? ஆயுசு பூரா உள்ள குந்திக்கினு இந்த ஆணியத்தான் பாத்துக்கினு கீறாங்களா? பூவ எல்லாம் எனக்குக் காட்டிட்டு?”

தாமோதரன்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். “அவுனு, நெஜம்தான் பெத்தாயனா! காசு அவங்களுது, காட்சி உங்களுது!”

தேன்மொழியும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பத்மினியைப் பார்த்தாள். சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்று ஆசை ஆசையாகச் சுரண்டிய பூக்கள். நாகேந்திரன் வந்து நிற்கும்போது ஆணியும் பிசுக்கும்தான் தெரியும். அந்த ஆசையை விடுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் வலித்தது.

“அண்ணா,” என்றாள் தாமோதரனிடம். “இடிக்க வேணாம். உள்பக்கம் ஒரு தாழ்ப்பா மட்டும் போடுங்க. பூ மேல படாம.”

பால் காய்ச்சுகிற அன்று காலையிலிருந்தே மலைக்காற்று. சென்னம்மா முந்தின நாளே வந்து வீடு முழுக்க நடந்து, திரைச்சீலையில் தன் புடவைக் கரையைக் கண்டுபிடித்து, “இது நீ பொறந்தப்போ கட்டினது” என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரங்கையா வெளியே தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் நின்றார். புது வேட்டி, புதுச் சட்டை. ஆனால் நிற்கிற இடம் பழைய இடம்தான். ரமணா கூப்பிட்டுப் பார்த்தான். “வரேன் மாப்ள, செருப்புங்கள எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு வரேன்,” என்றார்.

சமையலறையிலிருந்து தேன்மொழி அவரைப் பார்த்தாள். கதவைத் தாண்டினாலும் கால்களைத் தாண்ட முடியவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் காற்று ஒரு வீச்சு வீசியது. வெளிப்பக்கமாகத் திறந்த கதவு படாரென்று சுவரில் மோதியது. சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய குத்துவிளக்கு அணைந்தது. ஏற்றினார்கள். அடுத்த வீச்சில் மறுபடி அணைந்தது. “இன்னிக்கு விளக்கு அணையக்கூடாதுடி,” என்று சென்னம்மா தலையில் கை வைத்தாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டால்தான் விளக்கு நிற்கும். சாத்திவிட்டால் வருகிறவர்களுக்கு யார் திறப்பது?

தேன்மொழி கரண்டியைக் கீழே வைத்தாள். அம்மா போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. நேராக வெளியே போனாள்.

“நைனா, ஒரு வேல கீது.”

“சொல்லும்மா.” உடனே துண்டை இடுப்பில் கட்டினார்.

“காத்துல விளக்கு அணையுது. நீ உள்ள இருந்து கதவப் பாத்துக்கணும். தட்டறவங்களுக்குத் தொறந்து, உடனே சாத்தணும். தாழ்ப்பா புதுசு, இறுக்கமா கீது. உன் கைக்குத்தான் வரும்.”

அவர் யோசிக்கவே இல்லை. வேலை என்றதும் கால்கள் தாமாக நடந்தன. வாசல்படியைத் தாண்டின, சிவப்புத் தரையில் பதிந்தன. அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். விளக்கின் சுடர் நிமிர்ந்து நின்றது. காலை வெயில் கலர்க் கண்ணாடி வழியாக வந்து, ஒரே ஒரு சிவப்புச் சதுரம் அவர் பாதத்தின் மேல் விழுந்தது.

முதல் ஐந்தாறு பேருக்கு நின்றுகொண்டே திறந்தார். திறந்தார், சாத்தினார், திறந்தார், சாத்தினார். உள்ளே வந்தவர்கள் கதவு சாத்தியதும் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். “ஐயோ, எவ்ளோ பூ!” வெளியே நின்றபோது ஒன்றுமில்லாத கதவு, உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் பூத்தது. பத்மினிகூட ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் நின்றாள். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட நேரம். பிறகு மெல்ல, “எங்க வூட்டுக் கதவுல பாத்தா என் மொகம்தான் தெரியும்,” என்றாள்.

தேன்மொழி பச்சை ஒயர் நாற்காலியைத் தூக்கிவந்து கதவுக்கு நேர் எதிரே போட்டாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குத் திரும்பினாள். ஆனால் பாலைப் பார்க்கவில்லை. கண்ணோரத்தால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கையா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அறுபத்தாறு வயசு முழங்கால்கள். அவர் உட்கார்ந்தார். முதலில் நுனியில். ஒயர் பின்னல் மெதுவாக இறங்கி அவரைத் தாங்கிக்கொண்டது. பிறகு முதுகு சாய்ந்தது. எதிரே வரிசை வரிசையாகத் தாமரைகள், மூக்கில்லாத கிளி, கீழ் வரிசையில் பதினேழு இதழ்ப் பூ. இருபத்திரெண்டு வருஷம் நின்றுகொண்டு பார்த்ததை முதல்முறையாக அவர் உட்கார்ந்து பார்த்தார்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

“யாரது?” என்றார் ரங்கையா.

அந்தக் குரல் அவரையே தூக்கிவாரிப் போட்டது. சென்னம்மா பேச்சை நிறுத்தினாள்.

“நான்தாங்க, நாகேந்திரன்,” என்று வெளியிலிருந்து பதில் வந்தது. “தேன்மொழி வேலை செய்யற ஓட்டல்லேர்ந்து வர்றேன்.”

ரங்கையா எழுந்திருக்கவில்லை. இரண்டு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே இருந்தார். அதற்கு மேல் ஒரு மனிதனை வாசலில் நிறுத்தி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த இரண்டு மூச்சு போதும். எழுந்து தாழை இழுத்து, கதவை வெளியே தள்ளினார். கோட்டுப் போட்ட நாகேந்திரன் ஒரு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

“வாங்க, வாங்க. கதவு வெளிய தொறக்கும், பாத்து. காத்து அடிக்குது, சீக்கிரம் உள்ள வாங்க,” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார்.

கதவு சாத்தியதும் நாகேந்திரன் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “தேன்மொழி! நம்ம லாபியில இது மாதிரி ஒண்ணு இல்லியே! ஆனா ஏன் பூவ உள்பக்கம் வச்சீங்க?”

தேன்மொழி நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரங்கையா தாழைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அந்த நாற்காலியில், சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் பின்னால் பால் பொங்கி வழிந்தது. சென்னம்மா நாலு வீட்டுக்குக் கேட்கும்படி குலவை போட்டாள்.